பொங்கலுக்குச் சுண்ணாம்பு, பங்குனிக்குப் பெயிண்ட்

வீட்டுக்குள் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பெரும்பாலோருக்கு ஆண்டில் இரண்டு சமயங்களில்தான் வருகிறது. ஒன்று தீபாவளிக்கு முன்பு. மற்றொன்று பொங்கலுக்கு முன்பு. அந்த வாரங்களில் பெயிண்ட் கடைகளில் நிற்க இடமிருக்காது. பெயிண்டர் கிடைப்பதும் அரிது. கடைக்குப் போகிறவர்கள் நிற அட்டையைப் புரட்டுகிறார்கள். எந்தக் கம்பெனி, பளபளப்பாக வேண்டுமா மங்கலாக வேண்டுமா, கழுவினால் போகுமா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. அதை வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் கேட்பதில்லை. சுவர் காய்ந்திருக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் செய்யும் எந்தத் தேர்வும் நிலைக்காது. பண்டிகைக்குப் பண்டிகை சுவரைப் புதுப்பிக்கும் நம் வழக்கம் சுண்ணாம்புக் காலத்தில் பிறந்தது. சுண்ணாம்பை விட்டு எமல்ஷனுக்கு மாறிவிட்டோம். பூசும் நாளை மட்டும் மாற்றவில்லை. நம் வீடுகளில் பெயிண்ட் பொரிந்து உதிர்வதற்குப் பொருளின் தரத்தைவிட இந்தப் பொருத்தமின்மையே பெரிய காரணம் என்பது என் வாதம்.

முதலில் வானத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் இந்தப் பங்கு பாதியையும் தாண்டும். தீபாவளி இந்தப் பருவத்தின் வாசலில் வருகிறது. பொங்கல் பருவம் முடிந்த கையோடு வருகிறது. பொங்கலுக்கு முந்திய மார்கழிதான் சுவர் ஆண்டிலேயே அதிகம் நனைந்திருக்கும் மாதம். மூன்று மாதமாக மொட்டை மாடியில் தேங்கிய நீர், சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்து விரிசல் வழியாக இறங்கிய நீர், ஜன்னல் அடிப்படியில் நின்ற நீர், தரையிலிருந்து செங்கல் வழியாக மேலேறும் ஓதம் எல்லாம் அப்போது சுவருக்குள்ளேயே இருக்கும். கை வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியாது. செங்கல்லும் சிமென்ட் பூச்சும் நுண்துளைகளால் ஆனவை. மேற்பரப்பு உலர்ந்து, உள்ளே நீர் தங்கியிருக்க முடியும். காற்றிலும் ஈரப்பதம் மிகுந்திருக்கும் அந்த நாட்களில் சுவர் தன் நீரை வெளியே விடுவதும் மெதுவாகத்தான் நடக்கும்.

அப்படிப்பட்ட சுவரில்தான் முன்பு வெள்ளையடித்தார்கள், அது ஒத்துப்போனது. நீர்த்த சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. அதைப் பால்போலக் கரைத்து, சுவரை நனைத்து, மட்டையால் மெல்லிய கோட்டாக இழுத்தால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லச் சுண்ணாம்புக்கல்லாகவே மாறிச் சுவரோடு பிடித்துக்கொள்கிறது. இந்த மாற்றத்துக்கு ஈரமும் வேண்டும். அதனால் ஓரளவு ஈரமான சுவர் சுண்ணாம்புக்குப் பகையில்லை. பூசிய பிறகும் அந்தப் பூச்சு நுண்துளைகளோடு இருப்பதால் சுவருக்குள் உள்ள நீர் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். உப்புப் பூத்தாலும் மேற்பரப்பில்தான் பூக்கும்; துடைப்பத்தால் தட்டிவிடலாம். போதாததற்குச் சுண்ணாம்புக்குக் கடும் காரத்தன்மை உண்டு. புதிதாகப் பூசிய சுண்ணாம்பில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. மழைக்காலம் முழுதும் ஈரத்தில் ஊறிக் கறுத்துப் பாசி படிந்த சுவரை, மழை முடிந்ததும் போகிக்குள் வெள்ளையடித்து முடிப்பது அழகுக்காக மட்டும் செய்த காரியமாக எனக்குத் தோன்றவில்லை. பூஞ்சணத்தைக் கொல்ல அதைவிடப் பொருத்தமான நாள் ஆண்டில் கிடையாது.

எமல்ஷன் வேறு வகையான பொருள். அது நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் நிறமியும் சேர்ந்த கலவை. பூசியதும் நீர் ஆவியாகிப் போக, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு படலமாகின்றன. நீர் போக வழியில்லாத நாட்களில் இந்தப் படலம் சரியாக அமையாது. அமைந்த பிறகு அது சுவரின் மூச்சைக் குறைக்கிறது. முழுதாக அடைப்பதில்லை என்பது உண்மைதான். மங்கலான மேட் வகை ஓரளவு ஆவியை விடும். பளபளப்பும் கழுவும் தன்மையும் கூடக்கூட விடுவது குறையும். எண்ணெய் எனாமல் கிட்டத்தட்ட அடைத்தே விடும். காய்ந்த சுவரில் இதனால் ஒரு கேடும் இல்லை. ஈரச் சுவரிலோ, வெளியேற முனையும் நீர் செங்கல்லிலும் மணலிலும் கலந்த நீரிலும் இருந்த உப்புகளைக் கரைத்துக்கொண்டு படலத்தின் பின்புறம் வரை வருகிறது. நீர் சிறிது சிறிதாகத் தப்பிவிட, உப்பு அங்கேயே படிகமாகிறது. படிகம் வளரும்போது படலத்தைத் தள்ளுகிறது. கொப்புளம், பிறகு பொரிதல், பிறகு பட்டியோடு சேர்ந்து உதிர்தல் என்ற வரிசை இப்படித்தான் உண்டாகிறது. உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை உப்புப் பொடி ஒட்டியிருந்தால் பழி பெயிண்டின் மேல் இல்லை, ஈரத்தின் மேல்தான். ஆனால் வீட்டுக்காரர் அடுத்த பொங்கலுக்கு இன்னும் விலை கூடிய, இன்னும் பளபளப்பான பெயிண்டை வாங்குகிறார். அதாவது, இன்னும் இறுக்கமாக மூடும் ஒன்றை வாங்குகிறார். செலவு கூடக்கூட நோயும் கூடுகிறது.

பண்டிகை அவசரத்துக்கு வேறு விலையும் உண்டு. பட்டி ஒரு இரவாவது காய வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் டப்பாவில் அச்சிட்ட மணிக்கணக்கு நல்ல வெயில் நாளுக்கானது. போகிக்குள் முடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் நெருக்க, பெயிண்டர் நாலு வீட்டை ஒரே வாரத்தில் ஒப்புக்கொள்ள, காய வேண்டிய நேரம்தான் முதலில் வெட்டுப்படுகிறது. மழைக்கும் பனிக்கும் பயந்து ஜன்னலைச் சாத்தி வைப்பதால் பெயிண்டின் வாடை நாட்கணக்கில் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. குடும்பமும் அதற்குள்ளேயேதான் தூங்குகிறது. இதைவிடக் கவலைக்குரியது பழைய எனாமலைத் தேய்க்கும் வேலை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயம் அதற்கு மேல் பல மடங்கு இருந்திருக்கக்கூடும். ஜன்னல் கம்பியிலும் கதவிலும் சுவரின் கீழ்ப்பாதியிலும் இருக்கும் அந்தப் பழைய பூச்சை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நனைத்துத் தேய்க்க வேண்டும், ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அந்த நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறிடத்தில் இருக்க வேண்டும். விருந்தாளி வரப்போகும் வாரத்தில் இதற்கெல்லாம் யாருக்குப் பொழுது இருக்கும்?

பண்டிகைக்கு வீடு பொலிவாக இருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். போனஸ் வருவதும் அப்போதுதான், பிள்ளைகள் ஊருக்கு வருவதும் அப்போதுதான். அதற்காக உழைக்கும் குடும்பத்தின் ஆசையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் போனஸ் பணத்தை அந்த மாதமே சுவரில் பூசியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மழைக்காலம் பெயிண்டுக்கு ஆகாத காலமானாலும், சுவரைச் சோதிக்க அதைப்போல நல்ல காலம் கிடையாது. எங்கே நீர் இறங்குகிறது என்று சுவரே அப்போது காட்டிக்கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு அறையாகச் சுற்றி, ஈரம் தெரியும் இடத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், எது மழை நின்றதும் வற்றுகிறது, எது வெயிலிலும் வற்றாமல் நிற்கிறது என்று தை, மாசியில் தெரிந்துவிடும். முன்னது கூரை அல்லது வெளிச்சுவரின் கோளாறாக இருக்கும். பின்னது பெரும்பாலும் குளியலறைக் குழாய் அல்லது தரையின் ஓதம். போனஸை அந்தப் பழுதுக்குச் செலவிட்டு, பெயிண்டைப் பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு இருக்கிறதே என்றால், தேர்வு முடிந்த மே மாதம் இன்னும் நல்லது. தென்மேற்கு மழை எட்டாத மாவட்டங்களில் ஆடிக் காற்று வீசும் நாட்களும் சுவர் உலர்வதற்குத் தோதானவை. கன்னியாகுமரிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குக் கோடை ஒன்றே வழி. பெயிண்டர்களுக்கும் இது நன்மைதான். இரண்டு பண்டிகைகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் வேலை ஆண்டு முழுக்கப் பரவினால் அவர்கள் கையும் நிதானமாக ஓடும், கூலியும் சீராக வரும்.

ஓதத்தைத் தடுக்கும் பிரைமர், நீர்புகாப் பட்டி, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் என்று எத்தனையோ வந்துவிட்டனவே, இன்னும் சுவர் காயக் காத்திருப்பானேன் என்பது அடுத்த கேள்வி. இந்தப் பொருட்களுக்கு உரிய இடம் உண்டு, நீர் வரும் பக்கத்தில். மொட்டை மாடியிலும் வெளிச்சுவரிலும் குளியலறைத் தரையின் அடியிலும் பூசினால் அவை பயன் தரும். வெளியிலிருந்து வரும் நீரை அறைக்குள்ளிருந்து மறிக்க முயன்றால், நீர் நிற்பதில்லை, இடம் மாறுகிறது. மூன்றடி உயரத்துக்கு உட்சுவரை இறுக மூடினால், தரையிலிருந்து ஏறும் ஓதம் நான்காவது அடியில் எட்டிப் பார்க்கும். பக்கத்து அறைச் சுவரிலும் வரலாம். மேற்கூரையும் அப்படித்தான். கான்கிரீட் கூரையின் அடியில் பழுப்பு வளையம் தெரிந்தால், அடியில் எத்தனை கோட் அடித்தாலும் அது அடுத்த மழையில் திரும்ப வரும். மேலே தட்டோடுகளின் இணைப்பு விட்டிருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை விரிந்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்க வேண்டும். கூரைக் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து விழும் நிலையில், அதைப் பட்டி பார்த்து மறைப்பது ஆபத்தான வேலை. அங்கே பெயிண்டரை அழைக்கும் முன் பொறியாளரை அழைக்க வேண்டும்.

சுண்ணாம்பைப் பற்றிய மறுப்புகள் எல்லாருக்கும் தெரிந்தவை. சட்டையில் ஒட்டும், கறை துடைக்க முடியாது, ஆண்டுதோறும் அடிக்க வேண்டும், பார்க்க ஏழ்மையாகத் தெரியும். முதல் குறை பெரும்பாலும் செய்முறையின் குறை. நன்றாக நீற்றி, பல நாள் ஊற வைத்து, வடிகட்டி, வஜ்ரப் பசையோ கஞ்சியோ சேர்த்து, நனைத்த சுவரில் மெல்லியதாக மூன்று கோட் இழுத்தால் ஒட்டுவது வெகுவாகக் குறையும். ஒரே கோட்டில் கெட்டியாக அப்பினால்தான் மாவாக உதிர்கிறது. நீற்றும்போது கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம் என்பதால், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்த வேலையை யாரிடமும் வாங்கக் கூடாது. ஏழ்மையாகத் தெரியும் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் கண்ணாடி போல மின்னும் சுவர்களும் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவையே. ஆனால் வலுவான ஒரு மறுப்பு இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு பிடிப்பது சிமென்ட் பூச்சு, சுண்ணாம்புப் பூச்சு போன்ற நுண்துளையுள்ள பரப்புகளில்தான். ஏற்கெனவே பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த சுவரில் அது பிடிக்காது; செதில் செதிலாக விழும். இன்று நகரத்து வீடுகளில் பெரும்பாலானவை அந்த நிலையில்தான் உள்ளன. ஆகவே எல்லாரும் சுண்ணாம்புக்குத் திரும்புங்கள் என்று சொல்வது நடைமுறை அறியாத பேச்சாகிவிடும். பூச்சு வெறுமையாக இருக்கும் பழைய வீடுகள், கிராமத்து வீடுகள், மாடிப்படி அறை, சாமான் அறை, பட்டி பார்க்காத குளியலறை மேற்கூரை, இவற்றுக்குச் சுண்ணாம்பு இன்றும் முதல் தேர்வாக இருக்கத் தகுதியுள்ளது. மற்ற இடங்களுக்கு, காய்ந்த சுவரும் சரியான வகையும் வேண்டும்.

அந்தச் சரியான வகையைத் தேர்வதும் ஈரத்தை வைத்தே நடக்க வேண்டும். கை படாத மேற்கூரைக்கு விலை கூடிய பெயிண்ட் வீண். வெள்ளை டிஸ்டெம்பரோ மேட் எமல்ஷனோ போதும். மங்கலான வெள்ளை விளக்கொளியைச் சிதறடித்து அறை முழுதும் பரப்பும், கூரையின் மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்காது. மேல்தளத்து அறை வெக்கையாக இருக்கிறது என்று உட்கூரைக்குக் குளிர்ச்சியான நிறம் தேடுகிறவர்கள், அந்த வெள்ளையை மொட்டை மாடியின் மேற்பரப்பில் அடித்தால் பலன் காண்பார்கள். வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டிய இடம் அதுதான். கூடம், படுக்கையறைச் சுவர்களுக்கு மேட் வகை எமல்ஷன் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. எண்ணெய்ப் புகை படியும் சமையலறைக்கும், குழந்தைகள் கிறுக்கும் உயரத்துக்கும் கழுவக்கூடிய வகை வேண்டியிருக்கிறது. அங்கே அதை அடிக்கலாம், அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறையாக இல்லாத வரை. வாடகை வீட்டைக் காலி செய்த வாரமே பெயிண்ட் அடிக்க நேரும் உரிமையாளர்களுக்கு மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. மழை மாதமானால் அவர்கள் டிஸ்டெம்பரோடு நிறுத்திக்கொள்வது நல்லது, கெட்டுப்போனாலும் இழப்பு சிறியது. நிறம் அவரவர் விருப்பம். நிற அட்டையின் சிறு கட்டத்தை நம்பாமல், சுவரிலேயே இரண்டடிக்கு இரண்டடி பூசிப் பகலிலும் விளக்கிலும் பார்த்து முடிவெடுங்கள்.

சுவர் காய்ந்ததா என்று அறியச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஓரடிச் சதுரத்தில் தெளிவான பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு விளிம்பும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் முழுதும் விட வேண்டும். மறுநாள் தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அதன் கீழ்ச் சுவர் நிறம் கறுத்திருந்தாலோ அந்தச் சுவர் எமல்ஷனுக்குத் தயாராக இல்லை. தரைக்கு அருகில் ஒன்று, கூரைக்கு அருகில் ஒன்று, குளியலறையை ஒட்டிய சுவரில் ஒன்று என்று ஒட்டிப் பார்த்தால் ஏறக்குறைய முழு வீட்டின் நிலையும் புரிந்துவிடும்.

புது வீடுகளின் நிலைதான் இவற்றில் மிக மோசம். செங்கல்லை நனைத்து, கலவையில் நீர் விட்டு, பூச்சுக்கு நாட்கணக்கில் நீர் தெளித்து, ஒரு சாதாரண வீட்டுக்குள் ஆயிரக்கணக்கான லிட்டர் நீரை நாமே செலுத்துகிறோம். தையில் கிரகப்பிரவேச முகூர்த்தம் குறித்துவிட்டு, மார்கழியில் பூச்சு வேலையை முடித்து, அது ஆறும் முன்பே பட்டி, பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன் என்று அடுக்குகிறார்கள். புதுச் சிமென்ட் பூச்சைக் குறைந்தது 28 நாளாவது விட வேண்டும் என்பது பொதுவான விதி. மழை நாட்களில் அதுவும் போதாது. புதுப் பூச்சின் காரம் சில நிறங்களை வெளுக்கச் செய்யும். எண்ணெய் எனாமலில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கும். முகூர்த்தத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. பூச்சின் மேல் பட்டி பார்க்காமல், நீர் கலந்து அடிக்கும் வெள்ளை சிமென்ட் பிரைமரை ஒரே ஒரு கோட் அடித்துக் குடியேறுங்கள். வீடு வெள்ளையாகவும் துப்புரவாகவும் இருக்கும், பால் காய்ச்சவும் விருந்து வைக்கவும் அது போதும். ஒரு கோடை முழுதும் ஜன்னல்களைத் திறந்து வைத்துக் குடியிருந்தால் சுவர் ஆறும். எந்த மூலையில் விரிசல் விடுகிறது, எங்கே நீர் இறங்குகிறது என்பதும் அடுத்த மழையில் தெரிந்துவிடும். அவற்றைச் சரிசெய்து அதற்கடுத்த பங்குனியில் பட்டியும் பெயிண்டும் பாருங்கள். கட்டுநரோடு ஒப்பந்தம் போடும்போதே, உட்சுவர் பெயிண்ட் வேலைக்கான தொகையை ஓராண்டு கழித்துத் தருவதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.